பிப்ரவரிக் கட்டம்

நாளையோ, அடுத்த வாரமோ.
சொல்லிவிட்டு வருவது அவர்கள் வழக்கமில்லை.

டுலூத்தில், ஏரியைப் பார்த்த அடித்தளத்தில்
ரோண்டா ஹாக்லண்ட் மண்டியிட்டு
மின்துளைகளுக்கு மூடி போடுகிறாள்.
ஒன்று குறைகிறது;
அது நேற்று எம்மெட்டின் வாயில் இருந்தது.

குளிர்பெட்டியில் முள் நாற்பதைத் தாண்டினால்
பால் குற்றவாளி.
தொட்டில் கம்பிகளுக்கு நடுவே
சோடா டப்பா ஒன்றை நுழைத்துப் பார்க்கிறாள்.
நுழையவில்லை. நல்லது.

தலைக்கு முப்பத்தைந்து சதுர அடி.
டேப்பை விரித்த இடத்திலெல்லாம்
வந்து படுத்துக்கொள்கிறாள் மய்லீ.
"எனக்கு எதுவரை?"
ஜன்னல்வரை.
"அந்தப் பக்கம்?"
எம்மெட்டுக்கு.
காலை நீட்டி
எம்மெட்டுடையதில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறாள்.

தீ ஒத்திகைப் பதிவேட்டில்
பிப்ரவரி மட்டும் காலி.
ஏரிமேல் லாரி ஓட்டிப்போன மாதம் அது.
பன்னிரண்டு பிள்ளைகளுக்கு
இருபத்துநான்கு கையுறை மாட்டி முடிப்பதற்குள்
முதல் பிள்ளைக்கு மூத்திரம் வந்துவிடும்.

பேனாவைத் திறந்தாள்.
இரண்டு நிமிடம், நாற்பது வினாடி
என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்?
ஜனவரியின் மையும் இதே நீலம்தான்.

தூக்க வேளை. விளக்கை அணைத்து
பழக்கத்தில் மூச்சுகளை எண்ணினாள்.
பதினொன்று.
மறுபடியும்
பதினொன்று.
ஓடிப்போய்க் குனிந்தால்,
கன்னம் உப்ப மூச்சை அடக்கிக்கொண்டு
அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் மய்லீ.

மேசைக்குத் திரும்பியபோதும்
கை நடுங்கிக்கொண்டிருந்தது. எழுதினாள்:
'நடத்தவில்லை. குளிர். தவறு என்னுடையது.'

இன்றைய ப்ளீச் தண்ணீரைக் கொட்டிவிட்டு
காலிப் புட்டியில்
நாளைய தேதியை ஒட்டினாள்.