பாதிக் கட்டம்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது
பதினாறு வாரம், நூற்றுப் பன்னிரண்டு கட்டம்.
ஓடிய நாளுக்கு ஒரு பெருக்கல் குறி.
ஓய்வு நாளுக்கும் போடலாம் என்றாள் எதெல்மிரா,
படுத்துக் கிடப்பதும் பயிற்சியாம்.
திருட்டு மாதிரி இருந்தது.
போட்டேன்.

பகலெல்லாம் நண்டுக்கால் உடைக்கிறேன்.
சென்டோயா. முள் முதுகு.
வெந்து, ஆவியோடு மேசையில் வந்து விழும்.
ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை கால் என்று
மேற்பார்வையாளன் எழுதிக்கொள்கிறான்.
மாலையில் மாடிப்படி ஏறும்போது
என் இரண்டையும் உடைத்தது யாரென்று யோசிக்கிறேன்.

எட்டாம் வாரம் கட்டைவிரல் நகம்
காலுறையோடு கழன்று வந்தது.
நாற்பத்துநான்கு வருடம் கூட இருந்தது.
எறிய மனமில்லை.
தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன்,
அர்னோல்தோவுக்குத் தெரியாது.

வசந்தம் வந்துவிட்டால் புன்தா அரேனாஸில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
நடப்பவர்களைக் காற்று கொண்டுபோகாமலிருக்க.
கயிற்றைப் பிடித்தபடி நடக்கலாம்,
சந்தைக்குப் போகலாம்,
முத்தம்கூடக் கொடுக்கலாம்.
ஓட முடியாது.

பத்தாம் வாரம், ஞாயிறு, இருபத்தெட்டு கிலோமீட்டர்.
தெற்கே, நீரிணையை ஒட்டி.
முதுகில் கை வைத்துத் தள்ளியது காற்று.
காற்றுள்ளபோதே ஓடிக்கொள்.
கடிகாரம் காட்டிய வேகம்
என்னுடையதில்லை என்று தெரியும்.
ஆனாலும் நம்பினேன்.
இடிந்த துறையின் கட்டைகளில்
வரிசையாக நீர்க்காகங்கள்.
அவற்றுக்குக் கையசைத்தேன், வெட்கமில்லாமல்.
பதினான்காவதில் திரும்பினேன்.

திரும்பினேன்.
எழுத எவ்வளவு சின்னச் சொல்.

தந்ததையெல்லாம் கந்துவட்டியோடு கேட்டது.
பல்லில் மணல்.
கண்ணீர் காதுப்பக்கம் ஓடியது.
ஒரே மின்கம்பம்,
எவ்வளவு ஓடியும் பக்கத்திலேயே நின்றது.
பத்தொன்பதில் ஒரு விறகு லாரி ஓரங்கட்டியது.
"யாராவது துரத்துகிறார்களா?" என்றான் ஓட்டுநர்.
"நவம்பர்," என்றேன்.
ஏறிவிட்டேன்.
ஈர லெங்கா மரத்தின் வாசம், ரேடியோவில் ஆட்டு விலை.
பெயர் அவன் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

அன்றைய கட்டத்தில் ஒரே ஒரு கோடு,
பெருக்கல் குறியில் பாதி.
மூன்று வாரம் அது என்னைப் பார்த்தது,
பால் எடுக்கும்போதெல்லாம்.

பதின்மூன்றாம் வாரம், முப்பத்திரண்டு.
காற்றிடம் கடனே வேண்டாம்.
அர்னோல்தோ காரில் கொண்டுபோய்
முப்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டான்.
"போய்விடு," என்றேன், "நீ நின்றால் ஏறிவிடுவேன்."
போனான். வளைவில் ஒருமுறை
பிரேக் விளக்கு எரிந்தது.

முதல் கல்லிலிருந்தே எதிர்காற்று.
தோளைக் கொடுத்து, தலையைக் குனிந்து,
பூட்டிய கதவைத் தள்ளுகிறவள் மாதிரி.
பதினொன்று. பதினேழு.
இருபத்திரண்டில் யாரையோ திட்டினேன்,
அம்மாவாகத்தான் இருக்கும்.
இருபத்துநான்கில் ஹார்ன்.

அதே லாரி. அதே விறகு.
தலையை ஆட்டினேன், வேண்டாமென்று.
அவன் நிறுத்தவில்லை, போகவுமில்லை.
என் இடப்பக்கம் வந்தான், காற்று வரும் பக்கம்.
இரண்டாம் கியரில், என் கால் போகிற வேகத்தில்,
ஒரு வீட்டுச் சுவர்போல உருண்டு வந்தான்.

சத்தம் அறுந்தது.
அவ்வளவு நேரம் எங்கோ போயிருந்த என் காலடி
எனக்குக் கேட்டது:
டப், டப், ஒன்று கொஞ்சம் இழுக்கிறது, வலதுதான்.
மூச்சு கேட்டது.
பின்னால் வந்த கார்களுக்கு
ஜன்னலில் கை நீட்டி வழிகாட்டினான்.
மரப்பட்டைத் துணுக்குகள் தலையில் விழுந்தன.
இரண்டு கிலோமீட்டர்.
பாலம் வந்ததும் கியர் மாற்றிப் போய்விட்டான்.
காற்று பழைய இடத்திலேயே
எனக்காகக் காத்திருந்தது.

வீட்டில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது.
ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றேன்.
ஒரு கோடா, இரண்டா?
"வழியில் யாராவது உதவினார்களா?" என்றான் அர்னோல்தோ.
"இல்லை. கொஞ்ச நேரம் காற்று நின்றது."

ஜன்னலைப் பார்த்தான்.
எதிர்வீட்டுத் தகரக்கூரை
எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது.
என் முடியிலிருந்து ஒரு மரப்பட்டையை எடுத்து
அடுப்பில் போட்டான்.
பிறகு பேனாவைத் தந்தான்.