வரிசை

அம்பத்தூரில் எங்கள் கம்பெனி செய்வது
தண்ணீர் மோட்டாருக்கு மூடி.
அதன் கார்பன் கணக்கை
அடிவரை தோண்டச் சொன்னார்கள் என்னை.

தெர்மாகோலை நிறுத்தினோம். அட்டைப்பெட்டி வந்தது.
அட்டைக்காரரிடம் கேட்டேன், கூழ் எங்கிருந்து?
"பில்லு இருக்கு மேடம். கூழ் எங்கேர்ந்துன்னு
இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."
அந்தக் கட்டத்துக்கு மட்டும் மஞ்சள் பூசிவைத்தேன்.

அப்புறம் லாரி.
எண்ணூர்வரை முப்பது கிலோமீட்டர்;
தாளில் டீசல் கொஞ்சம்தான்.
தாளில் இல்லாதது
துறைமுகச் சாலையில் நிற்கும் முப்பது மணி நேரம்.

ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன்.
ஓட்டுநர் பெயர் ஞானப்பிரகாசம்.
எஞ்சினை அணைத்துவைத்தால் என்ன என்றேன்.
"பத்து நிமிஷத்துக்கு ஒரு லாரி நீளம் நகரும் மேடம்.
கண்ணு அசந்தா
பின்னாடி நிக்கிறவன் முன்னாடி."
முகம் துடைத்தார்.
துண்டில் கறுப்பாக இன்னொரு முகம்.

யார் யாருக்கோ எழுதி, நடந்து,
நான்காம் மாதம் நேரச்சீட்டு வந்தது.
இரவு இரண்டு மணி உன் முறையென்றால்
அதுவரை எங்கள் வளாகத்திலேயே நிறுத்தலாம்,
அணைத்து.

மொத்தப் புகையில் அரை சதவீதம் குறைந்திருந்தது.
"அவ்வளவுதானா?" என்றார் எம்.டி.
அவ்வளவுதான் சார்.

வெளியே வந்தேன்.
எடைமேடைப் பக்கம் சத்தமில்லாத ஒரு வண்டி,
ஜன்னலுக்கு வெளியே நீட்டிய இரண்டு பாதங்கள்,
நடுமதியக் குறட்டை.
இதற்கு எந்த அலகு?

இருக்கைக்குத் திரும்பி
அட்டைக்காரரை மறுபடி அழைத்தேன்.
மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.
கட்டம் இன்னும் மஞ்சள்.