சல்லி

வெள்ளவத்தை மாடிவீட்டுப் பல்கனியில்
பழைய பல்துலக்கியால்
சப்பாத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.
கோத்தகிரி மண் லேசில் விடாது.

மேட்டுப்பாளையம் கழிந்ததும்
பாக்குமரங்கள் பின்வாங்கின.
மூன்றாம் வளைவில் துவாரகன் வாந்தி.
கண்ணாடியை இறக்கினார் சாரதி;
குளிர் இன்னொரு ஆளாய் ஏறி
எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தது.
தேயிலைக்குள் நின்ற காட்டெருமை
எங்கள் ஹோன் சத்தத்தையும் சேர்த்து மென்றது.

மழைக்கு ஒதுங்கிய கடையின் பெயர்
லிந்துலை டீ ஸ்டால்.
"சல்லி மாத்தித் தாங்கோ" என்றேன்,
வாய்ப்பழக்கத்தில்.
கல்லாவுக்குள் அவர் கை நின்றது.
"சல்லி" என்றார்,
நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோல.
பிறகு,
"கொழும்புல இருந்து லிந்துலைக்கு
இப்ப எத்தனை மணி நேரங்க?"

ஐந்தோ, ஆறோ.
போனதில்லை என்று சொல்ல
வாய் வரவில்லை.
மலை பார்க்க விமானம் ஏறியவன் நான்.
மீதியை எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.

செந்நீர் வழிந்து
கீழ்வீட்டு வெள்ளை விரிப்பில் சொட்டுகிறது.
அண்ணாந்து பார்க்கிறார் மிஸிஸ் அபேகோன்,
சிங்களத்தில் கேட்கிறார்:
"நுவரெலியாவா, புத்தே?"

ஓம் என்றுவிடுகிறேன்.
பாணந்துறை ரயில் வந்து
அவருடைய அடுத்த கேள்வியை
எடுத்துக்கொண்டு போகிறது.