மோட்டார் சாவி

எர்ணாவூர் குடியிருப்பு, மூன்றாவது மாடி.
இங்கிருந்து கடல் தெரியாது.
கன்டெய்னர் லாரிகளின் முதுகு தெரியும்,
ஒன்றன்பின் ஒன்றாக, நகராமல்.

மெட்ரோ தண்ணீர் ராத்திரியில்தான் ஏறும்.
மூன்றே காலுக்கு
மொட்டைமாடித் தொட்டி நிரம்பி
சுவரோரம் வழியும்.
அதற்குள் நான் எழுந்து நின்றிருப்பேன்
புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு.
குனிந்து தரையைத் தொடுவேன்.
காய்ந்துதான் இருக்கும்.

அன்றைக்கு அது சத்தமே போடவில்லை.
பாய் நனைந்தபிறகுதான் தெரிந்தது,
கறுப்பாக, எண்ணெய் நாற்றத்தோடு.

இருட்டில் தலைகளைத் தடவி எண்ணுவேன்.
லோகேசு. மோனிசா. அவங்க அப்பா.
ஒன்று குறைகிறதே என்று நெஞ்சு அடைக்கும்.
என்னைச் சேர்க்க மறந்திருப்பேன்.

பீரோவுக்குக் கீழே நான்கு செங்கல் வைத்திருக்கிறேன்.
"மூணாவது மாடியில செங்கல்லா?" என்று
சிரித்தாள் எதிர்வீட்டு புஷ்பலதா.
அவள் வீட்டுச் சாமி படமெல்லாம்
ஃபேன் உயரத்தில் தொங்குகிறது.

தேசப்பன் இப்போது கடலுக்குப் போவதில்லை.
"டீசல் கட்டுப்படி ஆவல" என்கிறார்.
ஞாயிற்றுக்கிழமைகளில்
கல் கொட்டியிருக்கும் இடம்வரை நடந்துபோய்த்
திரும்பி வருகிறார்.

கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண் வந்தாள்.
போன மாதம் எத்தனை நாள் தூக்கம் வரவில்லை என்று கேட்டாள்.
"படுத்துக்கினு கண்ண மூடினுகீறது
தூக்கத்துல சேருமா?" என்றேன்.
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தாள்.
டீ குடித்தாள்.
செருப்பு மாட்டும்போது
"எங்க வூடு புளியந்தோப்பு" என்றாள்,
அவ்வளவுதான்.

மோட்டார் பார்க்கிற ஏகாம்பரம் தினமும் தூங்கிப்போவார்.
சங்கக் கூட்டத்தில் எழுந்து
"சாவிய என்னாண்ட குடுங்க" என்றேன்.
நாற்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.
சம்பளம் கிடையாது என்றார் செயலாளர்.
நான் கேட்கவேயில்லையே.

இப்போது சாவி என் இடுப்பில், ஊக்கில் கோத்து.
இரண்டரை மணிக்கு மேலே போகிறேன்.
தொட்டி மூடியைத் தள்ளி டார்ச் அடிக்கிறேன்.
ஏறுகிறது.
அது ஏறுவதை முதல் தடவையாக
நின்று பார்க்கிறேன்.
ஒரு சாண் குறையும்போது
படி முக்கிலிருக்கும் சுவிட்சை அணைக்கிறேன்.

நிற்கிறது.

கொஞ்ச நேரம் அங்கேயே இருப்பேன்,
நிஜமாகவே நின்றுவிட்டதா என்று.
பிறகு இறங்கி வந்து எண்ணுவேன்.
முன்பு ஐந்து தடவை, இப்போது இரண்டு.

சில நாள்
என்னையும் சேர்த்து.