ஒன்பதாவது சாட்சி

கோயிம்பிரா அரண்மனையில்
நாற்பது ஆண்டு நான் எழுத்தன்.
ஆட்டுத்தோலில் சுண்ணம் தேய்ப்பேன், கோடு இழுப்பேன்,
அரசன் கொடுத்ததை எழுதுவேன், பிடுங்கியதையும்.
கடைசியில் சாட்சிகளின் பெயர்கள்.
யாருக்குப் பின் யார் என்பதில்தான்
இந்த நாட்டின் பாதிச் சண்டை.

தொம் எர்மீஜியுவை முதன்முதலில்
ஒன்பதாவதாக எழுதினேன்.
பதினான்கு வயது. லத்தீன் தெரியாது.
காட்டிய இடத்தில் கை வைத்தார்.
கையில் இன்னும் உப்பு வெடிப்பு இருந்தது.

மூக்கு மட்டும் அரசனுடையது.
ஏழு வயதுவரை அவெய்ரோ உப்பளத்தில்
தாய் கொந்தீனாவோடு வரப்பில் நின்று
பலகையால் உப்பு வாரியவர்.
பிறகு ஒரு குதிரைக்காரன் போனான், கடிதத்தோடு.
அதுவும் என் கையெழுத்துதான்:
'நம் மகன் என ஏற்கிறோம்.'
அந்த வாக்கியத்தில் அவளுக்கு இடமில்லை.
அவளுக்கு இரண்டு உப்புப் பாத்தி, ஆயுள்வரை.
அது வேறு தோல்.

லியோன் படை எல்லைக் கோட்டையைச் சூழ்ந்த குளிரில்
கோவேறு கழுதைகளைத் தின்று
நான்கு மாதம் கதவைத் திறக்காமல் இருந்தார்.
திரும்பி வந்தபோது நான்காவது,
ஆயர்களுக்கு அடுத்து.
விருந்தில் விலாங்கு வந்தது.
உப்பை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்து
"இது அவெய்ரோ இல்லை" என்றார்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அரசி சிரிக்கவில்லை.

அரசன் போனான். அரசி பெற்றவன் அமர்ந்தான்.
ஏழாவது.
பதினொன்றாவது.
பிறகொரு நாள் பட்டியலைக் கொண்டுவந்தவன்
என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான்.
காயாத ஒரு சாசனத்திலிருந்தும் எடுக்கச் சொன்னான்.
கத்தியால் சுரண்டினேன்.
எர்மீஜியு நீளமான பெயர்,
தோல் மெலிந்து வெளிச்சம் விட்டது.

அவர் வாளெடுக்கவில்லை. எடுப்பார் என்று
பலர் காத்திருந்தார்கள்.
தோரு ஆற்றுக்கு மேல் ஒரு கல் கோபுரம்,
பூஞ்சை விழுந்த திராட்சை, முழங்கால் வலி,
முன்னங்கால் நொண்டும் ஒரு வேட்டைநாய்:
பதினேழு ஆண்டு.

உயில் எழுத என்னையே கூப்பிட்டனுப்பினார்.
கோபுரம் மகள் தெரேஜாவுக்கு.
கவசம் விற்றுக் கடனுக்கு.
நாய், யார் சோறு போடுகிறாரோ அவருக்கு.
பிறகு கண்மூடிக்கொண்டு,
"அம்மாவின் பாத்திகள் இரண்டு உண்டே,
அவற்றை இப்போது யார் வாருகிறார்கள்?"

மடத்துக்குப் போய்விட்டன, தொம்.
அவர் இறந்த வருடமே
அரசர் தானம் செய்துவிட்டார்.

"சாசனம் உண்டா?"
உண்டு.
"சாட்சிகள்?"

வெளியே யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள்.
பேனாவை மைக்கூட்டில் விட்டு
வரிசை தப்பாமல்
எட்டுப் பெயர்கள் சொன்னேன்.