விடு

மூன்றாம் கொண்டை ஊசியில் லூர்துராஜ்,
பதினெட்டில் சடையன்.
நடுவே மலை சரிந்து பாதி ரோடுதான் மிச்சம்.
ஒரு நேரம் ஒரு பக்கம் வண்டி.
ஆளுக்கொரு செட், இருவருக்கும் ஒரே சேனல்.

செவ்வாய் மாலை நாலே காலுக்கு
"விடு" என்றது சடையன் செட்.
விட்டான்.
லூர்துராஜ் வாயே திறக்கவில்லை;
அவன் அனுப்பிய பஸ் பாதி மலை ஏறியிருந்தது.
பஸ்ஸும் பால் வேனும் மூக்கோடு மூக்கு நின்றன.
ஒரு சாண் இடைவெளி என்றார் டிரைவர்.
டீக்கடைக்கு வந்தபோது அது
நாலு விரற்கடை.

"யாரு சொன்னது?"
சடையன் செட்டை நீட்டினான்,
நாய் கடித்த இடத்தைக் காட்டுகிற மாதிரி.
முன்பும் ஏதோ கேட்டதாம்;
லூர்துராஜ் யாருடனோ பேசுகிறான் என்று விட்டுவிட்டானாம்.

நாலு ரோட்டில் எனக்கு ரிப்பேர் கடை.
முதலில் பேட்டரி பார்த்தேன். பிறகு ஆன்டெனா மரை.
கொட்டகையில் தொங்கிய எல்.இ.டி. பல்பை அணைத்தேன்:
இரைச்சல் குறைந்தது, குரல் குறையவில்லை.
செட்டையே மாற்றினேன். புதுச் செட்டும்
"ஏத்து, ஏத்து, இன்னும் ஒரு அடி,
விடு" என்றது.
பழுது செட்டில் இல்லை என்று ஒத்துக்கொள்ள
இரண்டு நாளும் ஒரு முழுப் பலாப்பழமும் ஆயிற்று.

மூன்றாம் வளைவில் அந்தக் குரலே இல்லை.
ஒன்பதில் கரகரப்பு.
பதினெட்டில் பக்கத்து வீட்டுப் பேச்சு.
ஏற ஏறக் கேட்கிறதென்றால்
மலைக்கு எதிரே, உயரத்தில் எங்கோ நிற்கிறான்.

செட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
நடுரோட்டில் மெல்லச் சுற்றினேன்.
காத்திருந்த காரில் சிரித்தார்கள்.
உடம்பு ஒரு சுவர், அலை அதைத் தாண்டத் திணறும்.
குரல் எந்தப் பக்கம் தேய்கிறதோ
அப்போது அவன் என் முதுகுக்குப் பின்னால்.
தேய்ந்தது.
திரும்பினேன்.
சேலம் முழுக்க வெயிலில் கிடந்தது;
தெற்கே கொண்டலாம்பட்டிக்கு மேல்
கொசு அளவுக்கு ஒரு கிரேன்.

மறுநாள் பைக்கில் போய் ஒவ்வொரு பாலத்திலும் நின்று கேட்டேன்.
ஆன்டெனாவைக் கழற்றிய பிறகும்
செட் கத்திய இடத்தில் வண்டியை நிறுத்தினேன்.

பன்னிரண்டாம் மாடி. பூச்சு காயாத படிகள்.
மாதப்பன், சாமான் ஏற்றும் லிப்ட்டுக்குக் குரல் கொடுப்பவன்.
செட் கடையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே,
எங்கள் சேனலில்.
நான் வாயெடுக்குமுன் கேட்டான்:
"பதினெட்டா, மூணா?"

பத்து நாளாய் அவனுக்கும் நாங்கள்.
"'நிறுத்து'ன்னு வந்தா நிறுத்திருவேன் சார்,
யாரு சொன்னா என்ன.
செங்கல் அந்தரத்துல நிக்கும், மேஸ்திரி திட்டுவாரு.
கடைசி பஸ் ஏறிருச்சுன்னு சடையண்ணன் சொன்னாத்தான்
செட்டை அமத்துவேன்."

சடையண்ணனை அவன் பார்த்ததே இல்லை.

எங்கள் செட்டுகளுக்கு ஒரு தொனி வைத்தேன்.
ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில்
காதுக்கு எட்டாத முனகல் ஒன்று ஓடும்.
அது இருந்தால் செட் திறக்கும், இல்லாவிட்டால் ஊமை.
பதினெட்டாம் வளைவு அமைதியானது.
காபி வாங்கிக் கொடுத்தார்கள்.

குடித்துவிட்டு உண்மையைச் சொன்னேன்.
அவன் வாய் மூடவில்லை, நம் காதுதான் மூடியிருக்கிறது.
ஒரே நொடியில் இரண்டு பக்கமும் பேசினால்
இப்போதும் இரண்டுமே கெடும்.
வேறு சேனல் கேட்டு எழுதியிருக்கிறது; வரும்போது வரும்.
அதுவரை பேசுமுன் பக்கத்துச் சின்னப் பொத்தானை அழுத்து,
ஊமைச் செட் வாய் திறக்கும்,
காற்றில் யார் இருக்கிறார்கள் என்று கேள்.
வெறும் "விடு" கூடாது. பேரைச் சொல், வண்டி நம்பரைச் சொல்.

மாதப்பன் செட்டுக்கும் தொனி வைக்கப் போனேன்.
"அப்ப கடைசி பஸ்ஸு?" என்றான்.
வைக்காமல் வந்துவிட்டேன்.

நேற்று மேலே ஒரு வேலை.
ரோடு காலி. மூடுபனி
பதினேழாம் வளைவை விழுங்கிக்கொண்டிருந்தது.
பேச ஒன்றுமில்லை சடையனுக்கு,
ஆனாலும் கட்டைவிரல் சின்னப் பொத்தானில் இருந்தது.
இரைச்சல்.
இரைச்சல்.
"இன்னும் ஒரு அடி" என்றது தெற்கு.