பைக் கோவம்

கச்சான் என்போம், வாடை என்போம்,
கொண்டல் என்போம்.
கரையிலிருந்து இறங்கும் காற்றுக்கு ஒரு பெயர்,
அது பாதியில் மனம் மாறினால் வேறு பெயர்.
நீவாடு எந்தப் பக்கம் ஓடுகிறதென்று
வள்ளவிளையில்
பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும்.

எங்கள் பிள்ளைகளுக்குள் அடிப்பதற்கு மட்டும்
ஒரே பெயர்தான் வைத்திருந்தோம்:
வாசி.
அழுதால் வாசி. சோறு வேண்டாமென்றால் வாசி.
பகல் முழுக்கப் பேசாமல்
கட்டிலுக்கடியில் கிடந்தால்
பெரிய வாசி.

அன்றைக்கு அனிற்றா
என் கைக்கடிகாரத்தைத் தண்ணீர் டிரம்மில் போட்டாள்.
தவறி விழவில்லை. போட்டாள்.
மூடியைத் திறந்து, என்னைப் பார்த்து,
பிளக் என்று.

"வாசிக்காரி. நீங்க இருக்கப்பவே ரெண்டு குடுங்க"
என்றாள் டெல்பின், மீன் வெட்டிய கையோடு.
ஓங்கினேன்.
நாற்பது நாள் தூண்டில் கயிறு இழுத்த கை;
அதற்கு அளவு தெரியாது.

அவள் கையைப் பார்க்கவில்லை.
கதவோரம் என் பையைப் பார்த்தாள்.
ஜிப் போட்டு, மேலே துண்டு மடித்துவைத்து,
விடியுமுன் வரும் கொச்சி வேனுக்காக
நின்றுகொண்டிருந்த பை.

ஓங்கிய கையை என்ன செய்வது?
தலையைச் சொறிந்தேன்.
சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன்,
அவள் உயரத்துக்கு.
என் அப்பா இப்படி ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.
எனக்கும் முட்டி வலித்தது.

"எங்க மோளே இருக்கு?"
வயிறு என்பாள் என்று நினைத்தேன்.
தொண்டைக்குக் கீழே விரல் வைத்தாள்.
"இஞ்ச. முள்ளு மாதிரி.
இல்ல, முள்ளு இல்ல. சுடுது."
"கோவமா?"
"கோவந்தான்." கொஞ்சம் யோசித்து,
"மேல கோவம்."

மேல கோவம்.
ஆழ்கடலில் தூண்டில் இறக்கும்போது பார்த்திருக்கிறேன்.
மேலே நீர் ஒரு பக்கம் இழுக்கும்,
பத்துப் பாகத்துக்குக் கீழே நேர் எதிராக.
ஈயம் கட்டி இறக்கிப் பார்க்காமல்
எந்தக் கிறுக்கனும் கணக்குச் சொல்லமாட்டான்.

"அதுக்குக் கீழ என்ன இருக்கு?"
அவள் எழுந்து போய்ப் பையை ஒரு உதை உதைத்தாள்.
துண்டு சரிந்தது.
திரும்பி வந்து என் மடியில் ஏறினாள்.
"இதுக்குப் பேரென்ன?"
"தெரியல்ல மோளே." பொய்யில்லை.
"அப்ப நான் வைக்கேன்.
பைக் கோவம்."

டெல்பின் சிரித்தாள். பிறகு
செதிலைக் கழுவப் போனாள்.
வெகுநேரம் கழுவினாள்.

பன்னிரண்டாம் நாள்
ஐஸ் உடைக்கத் தாமதித்ததற்கு
பதினெட்டு வயது ஜெபினை
அவன் தாயை இழுத்துத் திட்டினேன்.
படகில் யாரும் பேசவில்லை, இஞ்சின் மட்டும்.
ஐஸ் ஒன்றும் உருகிப் போயிருக்கவில்லை.
தொண்டைக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன்.
சுட்டது.
அவனிடம் போய், "ஐசுக்கில்ல லே" என்றேன்.
அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.
அவன் கட்டன்சாயா நீட்டினான்.

ஹார்பர் நெருங்கியதும் சிக்னல் கிடைத்தது.
பிள்ளை இப்போது பரவாயில்லையா என்று கேட்டேன்.
"எங்க? நேத்தும் எனக்க செருப்பைக் கிணத்தில போட்டா.
ஆனா," டெல்பின் சொன்னாள்,
"பேரு சொல்லிட்டுத்தான் போட்டா."

"என்ன பேரு?"
"எனக்குப் பிடிகிட்டல்ல. இனி ஒருக்கா கேட்டா
ஃபோன்ல சொல்லமாட்டாளாம்.
நீங்க வந்து உட்காரணுமாம்.
தரையில."